கண்டிச் சீமையின் படிவயல்களும் தும்பறைத் தறிகளும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இலங்கை மலைநாட்டிற்கு நான் சென்று வந்ததைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தார். "மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும், ஐயா" என்றும் சொன்னார். சுவைக்குக் குறைவில்லை. மலையழகு உண்டு, மூடுபனி உண்டு, அருவிகள் உண்டு. ஆனால் அவற்றை எல்லாம் படம்பிடித்துக் காட்டுவோர் பலர் இருக்கின்றனர். நான் பார்த்து வந்தவை இரண்டு. ஒன்று, மலைச்சரிவில் படிப்படியாய் வெட்டப்பட்ட நெல்வயல்கள். மற்றொன்று, அவ்வயல்களின் ஓரத்தில் உள்ள சிற்றூர்களில் இன்றும் நெய்யப்படும் துணியும் பாயும். வயலைக் கட்டியவர் யார், துணியை நெய்தவர் யார், அவர்களுக்கு என்ன உரிமை இருந்தது என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். அக்கேள்வி என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதை உரையின் போக்கிலேயே காண்பீர்கள்.

'கண்டிச் சீமை' என்னும் சொல் நம் முதியோர்களுக்குப் புதிதன்று. நம் செங்கற்பட்டு, வடார்க்காடு பகுதிகளிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியே கப்பலேறியோர் பெரும்பாலும் நேட்டாலுக்கும் பிற தூரதேசங்களுக்கும் போனார்கள். கண்டிக்குப் போனவர்கள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்தார். எந்தச் சீமைக்குப் போனாலும், போனவர்களில் நிலமற்ற சேரி மக்கள் பலர். அந்த வகையில் கண்டி நமக்கு அயலூரும் அன்று.

இன்னோர் உறவும் உண்டு. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் மரபினன். 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அவனைச் சிறைபிடித்து, பின்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். அவனுடைய கல்லறை வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கிறது. அதே பாலாறுதான் நம் மாவட்டத்தின் வழியாக வந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. மன்னர் கதை இத்துடன் போதும்.

கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. நகருக்கு நடுவே அம்மன்னன் 1807 அளவில் கட்டுவித்த ஏரி. ஏரிக்கரையில் புத்தரின் புனிதப் பல் வைத்துப் போற்றப்படும் தலதா மாளிகை. நகரை விட்டுத் தெற்கே ஹேவாஹெட்ட, ஹங்குராங்கெத்த, வலப்பனைப் பக்கமோ, கிழக்கே தும்பறைப் பக்கமோ சென்றால், சாலையின் ஒருபுறம் தலைக்கு மேலே தேயிலை. மறுபுறம் காலுக்குக் கீழே நெற்படிகள்.

சமவெளியில் பிறந்த நமக்கு அந்தக் காட்சி முதலில் விளங்குவதில்லை. நம் ஊரில் வயல் என்றால் பரந்து கிடப்பது. மதுராந்தகம் ஏரியின் கரைமீது நின்று பார்த்தால் பாசனப் பரப்பு கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே தளமாய்த் தெரியும். அங்கே வயல் என்பது மலையின் உடம்பில் வெட்டிய படி. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மண்ணாலோ கல்லாலோ ஆன சுவர். சில இடங்களில் சுவர் ஆள் உயரம். அது தாங்கி நிற்கும் வயலின் அகலமோ நாலு முழம். ஏர் பூட்டித் திருப்ப இடமிராது. ஆதலின் எருமைகளை வயலுக்குள் விட்டு மிதிக்கச் செய்து சேறாக்குவது அந்நாட்டின் பழைய முறை. மிகக் குறுகிய படிகளில் மண்வெட்டியே ஏர்.

நீர் வரும் வழியைக் கேளுங்கள். மேலே காட்டோடையின் குறுக்கே கல்லும் மரமும் இட்டு ஓர் அணை போடுகிறார்கள். 'அமுண' என்று அதற்குப் பெயர். அங்கிருந்து மலையின் வளைவை ஒட்டியே ஒரு வாய்க்கால் வருகிறது. அதை 'எல' என்பர். வாய்க்கால் மிகச் சரிந்தால் நீர் மண்ணை அரித்துவிடும். சரிவு குறைந்தால் நீர் தேங்கிவிடும். அளவுக் கருவி ஒன்றும் இல்லாமல், நீரையே முன்னே ஓடவிட்டு அதன் பின்னே வெட்டிக்கொண்டு போனவர்களின் கைத்திறன் அது. முதற்படி நிரம்பி, வரப்பில் விட்ட வாய் வழியே இரண்டாம் படிக்கு இறங்குகிறது, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு. நம் ஊரில் ஏரி ஒன்று. மடை வழியே நீர் பிரிந்து போகும். அங்கோ ஒவ்வொரு வயலும் தனக்குக் கீழுள்ள வயலுக்கு ஏரியாய் இருக்கிறது.

இதில் ஒரு பிடி உண்டு. மேற்படியின் சுவர் உடைந்தால் அந்த வயல் மட்டும் போவதில்லை. அதன் கீழே உள்ள அத்தனை வயலிலும் மண் சரிந்து விழும். நண்டு குடைந்த ஒரு சிறு துளை போதும். ஆகையால் வரப்பை ஒவ்வொரு போகத்திலும் சீவி, சேறு அப்பி, மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். நான் சென்றபோது பெரும்போக நடவு நடந்துகொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய போகம் அது. சிங்களத்தில் 'மகா' என்பர். சித்திரைக்குப் பின் வரும் சிறுபோகத்திற்கு 'யல' என்று பெயர். நமக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம், அவர்களுக்கு இரண்டு. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று கூலியின்றி உழைப்பை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கே நெடுங்காலமாய் உண்டு. அதை 'அத்தம்' என்பார்கள். பணம் பெருகப் பெருக அது குறைந்து வருகிறது. எல்லா ஊர்களிலும் நடப்பதுதான்.

நிலத்தைப் பங்கிடும் முறையிலும் ஒரு நுட்பம் கண்டேன். ஒரு தந்தைக்கு நான்கு மக்கள், வயலோ ஒன்று. நான்காய் வெட்டினால் ஒருவருக்கும் பயனில்லை. எனவே முதலாண்டு மூத்தவன், மறு ஆண்டு அடுத்தவன் என முறை வைத்து முழு வயலையும் பயிரிடுவார்கள். இதற்குத் 'தட்டுமாறு' என்று பெயர். நல்ல துண்டும் மட்டமான துண்டும் இருந்தால், துண்டுகளை ஆண்டுதோறும் கைமாற்றிக்கொள்வார்கள். அது 'கட்டிமாறு'. இச்சொற்களைக் கேட்டபோது நம் தொண்டைமண்டலத்தின் கரையீடு என் நினைவுக்கு வந்தது. இங்கும் பழங்காலத்தில் பசுங்கரை என்றும் அருதிக்கரை என்றும் இரு முறைகள் இருந்தன. பசுங்கரை ஊர்களில் நிலத்தைக் குறித்த காலத்திற்கொருமுறை பங்காளிகள் மாற்றிக்கொள்வார்கள். அருதிக்கரையில் பங்கு நிலையானது. சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர் 200 ஆண்டுகளுக்கு முன் மிராசு உரிமையைப் பற்றி எழுதிய நூலில் இவற்றை விளக்கியிருக்கிறார்.

நியாயமான முறை என்று தோன்றும். யாருக்குள் நியாயம்? மிராசுதாரருக்குள். ஏரி மடையைத் திறந்து மூடி, இரவெல்லாம் கண்விழித்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கு அதில் கரை இல்லை. சேற்றில் இறங்கிய படியாளுக்கும் பண்ணையாளுக்கும் பங்கு இல்லை. அவர்கள் பெற்றது களத்தில் அளந்து போட்ட நெல். 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கிய பின்னும் நம் மாவட்டத்தில் அந்த உறவு பல தலைமுறை நீடித்தது.

இனித் தறிக்கு வருகிறேன்.

உடுதும்பறையில் தலகுனே என்றோர் ஊர் இருக்கிறது. கண்டி நாட்டின் பழைய பருத்தி நெசவு எஞ்சி நின்ற சிற்றூர் அது. முன்னர்ப் பருத்தியையும் அவர்களே சேனைப் பயிராக விளைவித்து, நூற்று, நெய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து குவிந்தபோது ஊருக்கு ஊர் தறி நின்றது. அங்கே நிற்கவில்லை. நெய்தவர்கள் யார் தெரியுமா? பெரவா என்னும் வகுப்பார். 'பெர' என்றால் முரசு. முரசறைவது அவர்கள் பிறவித் தொழிலாக விதிக்கப்பட்டது. கோயில் விழாவில் முரசு அவர்களுடையது. ஊரார் உடுத்தும் துணியும் அவர்களுடையது. ஊரில் இடம் மட்டும் கீழிடம்.

பறையும் தறியும் ஒரே கையில் இருந்த செய்தியைக் கேட்டு நான் வியக்கவில்லை. நம்மிடையிலும் அவ்வாறு இருந்தது. கோலியர் என்னும் நெசவாளர் தஞ்சை, மதுரைப் பகுதிகளில் இருந்தனர். அவர்கள் ஆதியில் பறையரே என்று 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு அறிக்கை குறித்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அச்செய்தி இடம்பெற்றது. 'நம்மவர்க்குத் தொழில்நுட்பம் ஏது?' என்று கேட்பவர்களுக்கு மட்டுமன்றி, அப்படித் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன்.

தலகுனேயைவிட என்னை மிகவும் ஈர்த்தது ஹேனவல. கண்டிக்குக் கிழக்கே, குண்டசாலை, மெனிக்கின்னப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நெய்யப்படுவது தும்பறைப் பாய். நெய்பவர்கள் கின்னர என்னும் சமூகத்தார். கண்டி அரசின் சாதி அடுக்கில் ஏறக்குறைய அடித்தட்டு. அரண்மனைக் களஞ்சியத்திற்கு அலங்காரப் பாய் நெய்து தருவது அவர்கள்மீது சுமத்தப்பட்ட ஊழியம். 'ராஜகாரிய' என்று அம்முறைக்குப் பெயர். ஒவ்வொரு சாதியும் தன் தொழிலை அரசனுக்கும் கோயிலுக்கும் ஊழியமாகச் செய்யவேண்டும். அதற்கு ஈடாகச் சிறு நிலப்பங்கு. ஊழியம் நின்றால் நிலமும் போகும். அரசுக்குச் செய்யும் ஊழியத்தை ஆங்கிலேயர் 1832இல் ஒழித்தனர். விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் செய்யவேண்டிய ஊழியம் அதன் பிறகும் தொடர்ந்தது.

பாய் நெய்யும் விதத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பெண்மக்கள் கேட்டால் அடுத்த நிமிடமே கையில் எடுப்பார்கள் போன்ற வேலை அது. கோரை அன்று, நார். 'ஹண' என்னும் கற்றாழை போன்ற செடியின் நீண்ட தடித்த இலையை ஒரு மரக்கட்டையின்மீது வைத்து, கூரிய மரப்பட்டையால் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். சதை போனபின் வெண்ணிற நார் கற்றையாய் நிற்கும். அலசி, காயவைத்து, சீவுகிறார்கள். பின்பு தொடைமீது வைத்து உருட்டி முறுக்குவார்கள். சாயத்திற்குப் பழைய முறை இது: சிவப்புக்குப் பதங்கக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள் கொடி, கறுப்புக்குக் கடுக்காய் இனக் காய்களும் சேறும். இப்போது கடைச்சாயமும் கலந்துவிட்டது. தறி தரையோடு தரையாக இருக்கிறது. நெய்பவர் தரையில் அமர்ந்து, மெல்லிய குச்சியால் நூலிழைகளை எண்ணி எண்ணித் தூக்கி, யானை, மான், மயில், பாம்பு, பூ என்று உருவங்களை வரவழைக்கிறார். தாளில் வரைபடம் எதுவும் இல்லை. எண்ணிக்கை முழுவதும் மனத்தில். கணக்கு வராது என்று பள்ளியை விட்டு ஓடிவரும் மாணவர்கள் அந்தத் தறியின் முன் ஒரு நாள் உட்கார்ந்திருக்கவேண்டும்.

2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தத் தும்பறைப் பாய்க் கைத்திறனை மானுட குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒதுக்கப்பட்ட சமூகத்தின் கலை என்பதையும் சேர்த்தே அது குறித்திருக்கிறது. பெருமைதான். ஆனால் என்னோடு பேசிய நெசவுக்கார அம்மையார் ஒருவர் சொன்னதையும் கேளுங்கள். அவர் பேசியது சிங்களம். உடன் வந்த மலையகத் தமிழ் இளைஞர் எனக்கு மொழிபெயர்த்தார். "பாயைப் பார்த்துப் பாராட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் முகம் மாறும். அதனால் என் பிள்ளைகள் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை" என்றார். அவருடைய மகன் தறியில் உட்காருவதில்லையாம். நான் அந்த மகனைக் குறை சொல்லமாட்டேன்.

இவ்விடத்தில் ஒரு பெரியாரோடு மாறுபட வேண்டியிருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியை நீங்கள் அறிந்திருக்கலாம். தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கண்டி நாட்டுக் கைவினைகளை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் வெளியிட்டார். தும்பறைத் தறிகளையும் சாயங்களையும் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பாதி அவரால் காக்கப்பட்டது. அந்த நன்றி என்றும் உண்டு. ஆயினும் அவர் பழைய ஊர் அமைப்பையே கலையின் தாயாகக் கண்டார்; ஒவ்வொருவனும் தன் பிறவித் தொழிலில் நிலைத்திருந்ததால் கலை செழித்தது என்பது அவர் நோக்கு. பாயைப் பார்த்தவர், அதை நெய்தவர் எங்கே உட்கார வைக்கப்பட்டார் என்பதை அதே கூர்மையோடு பார்க்கவில்லை என்பது என் கருத்து. நம் அண்ணல் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் புகழ்ச்சியை மறுத்துப் பேசியது, கிராமத்தின் அந்த மூலையிலிருந்து பார்த்ததனால்தான்.

உடையும் துணியும் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. கண்டி அரசில் இன்ன சாதியார் இன்ன அளவுக்கு மேல் உடுத்தக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அடித்தட்டில் வைக்கப்பட்ட ரொடியர் வகுப்புப் பெண்களுக்கு மேலாடையே மறுக்கப்பட்டது. வேறு நாட்டுக் கதை என்று நினைக்கவேண்டா. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். தங்க நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களைத் தனியே அழைத்து, சாதியை அடையாளம் காட்டும் விதமாகச் சேலை உடுத்துவதை விட்டுவிடுங்கள் என்று அறிவுரை கூறியது எதற்காக என்பது இப்போது விளங்கும்.

அண்ணலின் பெயரைச் சொன்னதும் கண்டியோடு அவருக்குள்ள தொடர்பைச் சொல்லாமல் செல்ல இயலாது. 1950 மே மாதத்தில் உலக பௌத்தர் மாநாடு கண்டியில் கூடியது. உலக பௌத்தர் சங்கம் பிறந்தது அங்கேதான். அம்மாநாட்டிற்காக அண்ணல் இலங்கைக்குச் சென்றார். அவருக்கு முன்பே, 1898இல், நம் பண்டித அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்று வந்தார். ஆகவே அத்தீவு நம் விடுதலை வரலாற்றில் ஓர் ஊர்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு புகழவும் முடியாது. கண்டியில் 1753இல் தோன்றிய சியாம் நிகாயம் என்னும் பிக்குச் சங்கம், விரைவிலேயே உயர் தீட்சையைக் கொவிகம என்னும் வேளாண் சாதிக்கு மட்டும் உரியதாக்கியது. சாதியை மறுத்த பெருமானின் பெயராலேயே சாதிக் கதவு அடைக்கப்பட்டது. மறுக்கப்பட்ட கரையோரச் சாதியார் பர்மா வரை சென்று தீட்சை பெற்று, 1803 அளவில் அமரபுர நிகாயம் கண்டார்கள். கதவை அடைத்தவரையும், அடைத்த கதவின் முன் அழுதுகொண்டிராமல் கடல் கடந்து சென்றவரையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இப்போது தேயிலைக்கு ஏறுவோம். ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன் காப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பியை அழித்தது. காப்பிக்கும் தேயிலைக்கும் காடு எப்படிக் கிடைத்தது? 1840ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் ஒன்று, உரிமை காட்டமுடியாத காட்டையும் தரிசையும் அரசின் நிலமாக்கியது. சிங்களக் குடியானவன் மேலே உள்ள காட்டை இழந்தான். அக்காட்டை அழித்துத் தோட்டமாக்க நம் மக்கள் மன்னார் வழியாக நடத்திக்கொண்டு போகப்பட்டார்கள். வழியிலேயே காய்ச்சலுக்கும் பசிக்கும் இறந்தவர் பலர். படிவயலில் நிற்பவன் மேலே பார்த்து, "என் காட்டில் வந்து குந்தியவன்" என்று தமிழனை நினைத்தான். தமிழனோ லயத்து அறையில் ஒரு கொடி அவரைக்குக்கூடச் சொந்த மண் இல்லாதவன். நிலத்தை எடுத்தவன் இருவர் கண்ணிலும் படவில்லை.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அத்தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாய்ப் பிரித்தார்கள். மேலே சொன்னேனே, கட்டிமாறு என்று. அங்கே மாற்றிக்கொண்டது வயல் துண்டுகளை. இங்கே மனிதரை. இலங்கையில் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினால் குடியுரிமை கிடைத்தது. வீட்டு மனையாகக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்ற பேச்சு செயலுக்கு வரத் தொடங்கியது கடந்த பத்தாண்டுகளில்தான். நம் கணக்கில் அது நாலரை சென்ட்டுக்கும் குறைவு. அதுவும் எல்லார்க்கும் கிடைத்துவிடவில்லை.

ஹேனவலயிலிருந்து திரும்பும் வழியில் அந்த இளைஞர் என்னைக் கேட்டார்: "ஐயா, உங்க ஊர்ல உங்க ஆளுகளுக்கு நிலம் இருக்கா?"

அவர் எதிர்பார்த்தது ஒரு சொல் விடை. எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்; அவரைவிட உங்களுக்கே அது தேவை.

1891இல் நம் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் என்பவர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல், மிராசுதாரர் சொன்ன சொல்லுக்கு மீறினால் குடிசையைக் காலி செய்யவேண்டிய நிலையில் அவர்கள் இருப்பதையும், தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசு உரிமை குறுக்கே நிற்பதையும் அதில் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010, 1010-ஏ எண்ணுள்ள வருவாய்த்துறை ஆணைகள் பிறந்தன. ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க வழி ஏற்பட்டது. பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் நாம் வழங்குவது இதையே. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. மறு ஆண்டு, 1893இல், நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தம் இதழைத் தொடங்கினார். மனுப்போடவும் உரிமை கேட்கவும் அச்சிட்ட தாள் ஒன்று நம் கைக்கு வந்த காலம் அது.

அந்நிலத்திற்கு நிபந்தனை உண்டு. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அறியாமையால் நம் பாட்டனார் பத்து ரூபாய்க்கும் இரண்டு மரக்கால் நெல்லுக்கும் எழுதிக்கொடுத்த பத்திரம், நிபந்தனைக்கு மாறானதாக இருப்பின், முடிந்த கதை அன்று.

மாமல்லபுரத்திற்கு அண்மையில் உள்ள காரணை ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோரில் சிலருக்கு அந்நாள் நேற்றுப்போல் நினைவிருக்கும். மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவர் காலத்துச் சிற்பி பால் கறக்கும் ஆயனைச் செதுக்கினான். வெளிநாட்டார் வந்து பார்த்துப் போகிறார்கள். அதே கடற்கரைச் சாலையில் காரணைக்குப் போகும் வழியைக் கேட்பவர் இல்லை. இளைஞர்கள் ஒரு முறையாவது போய்வாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புல எண்ணும் யார் பெயரில், என்ன வகையில் உள்ளது என்பதை அது காட்டும். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் டி.சி. என்றோ, நிபந்தனை ஒப்படை என்றோ குறிக்கப்பட்ட புலங்களை எடுத்துக்கொண்டு, இன்றைய பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். பழைய எண்ணுக்கும் இன்றைய உட்பிரிவுக்கும் இடையில் எந்த இடத்தில் அக்குறிப்பு மறைந்தது என்று பாருங்கள். கொடுக்க மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். சண்டை வேண்டா, முதலில் தாளைத் திரட்டுங்கள். இச்சங்கத்தின் விடுதியில் தங்கிப் படித்து, இன்று அரசு அலுவலகங்களிலும் வழக்கறிஞர் தொழிலிலும் இருப்போர் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். மாணவர் கொண்டுவரும் தாளைப் படித்துச் சொல்ல மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைவர் அவர்கள் இசைந்தால் நம் நூலகத்திலேயே நடத்தலாம்.

நெசவைப் பற்றியும் ஒரு சொல். பிறவித் தொழில் என்று சொல்லி எவரையும் தறியில் கட்டிப்போட நான் சொல்லவில்லை. கணினி படிக்கும் பெண் கணினியே படிக்கட்டும். ஆனால் விரும்பிக் கற்பவர்க்கு விலையும் பெயரும் கிடைக்கவேண்டும். நெய்தவர் பெயர் துணியோடு போகவேண்டும். ஹேனவல அம்மையார் தம் பாயின் மூலையில் தம் பெயரை நெய்வதில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்கள் பாட்டி காலத்தில் அரண்மனைக்குப் போன பாயில் யார் பெயர் போட்டார்கள்?" என்று சிரித்தார்.

அவரிடம் வாங்கிய சிறு பாய் ஒன்றை நம் நூலகத்திற்காகக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு யானைகளும் நடுவே ஒரு பூவும் உள்ளன. அவர் இசைவு பெற்று, பின்புறத்தில் அவர் பெயரையும் ஊரையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் மேசைமீது விரித்து வைப்பார்கள். பெண்பிள்ளைகள் முதலில் வந்து பாருங்கள். திருப்பிப் பார்த்து இழைகளை எண்ணிப் பாருங்கள்.